கீழ் வீட்டுக்கு, புதன்கிழமைக்கு முன்

மஸாஹிரா,
ஞாயிறிலிருந்தே விதையுள்ளதை விடுங்கள்.
தக்காளி, குரக்கன், எள் தூவிய பாண்,
வல்லாரைச் சம்பலும்தான்.
நான் ஒரு கொய்யாவைக் களவாய்த் தின்றேன்.
"உள்ளே பயிர் வைத்திருக்கிறாவா?" என்று
டொக்டர் உங்களிடம் கேட்டாரே.

செவ்வாய் முழுக்கத் தண்ணீர்ச் சாப்பாடு:
பிளேன்டீ, வடித்த கோழிச் சூப், தெம்பிலி.
ஜெலி சேராதென்றால் கடற்பாசி காய்ச்சுங்கள்,
சிவப்புச் சாயம் மட்டும் கூடாது.
உள்ளே போய் அது இரத்தம் போல நடிக்கும்.
நோன்பு பிடித்துப் பழகிய உடம்பு உங்களுடையது,
பசியைப் பற்றி நான் என்ன சொல்ல.

பின்னேரம் அந்தத் தூள், இரண்டு லீற்றரில்.
வெள்ளவத்தைக் கடலில் ஒரு தோடம்பழம் பிழிந்து
யாரோ மூடாமல் மறந்துபோன ருசி.
குளிரவைத்து ஸ்ட்ரோவால் குடியுங்கள், நாக்கைத் தாண்டி.
முதல் ஒரு மணித்தியாலம் ஒன்றும் நடக்காது.
ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பீர்கள்.
பிறகு
நினைக்க நேரமிராது.

பாணந்துறைக்குக் கடைசி ரயில் போன பிறகும்
நான் பாத்ரூமில்தான்.
(வாஸ்லின் வாங்கி வையுங்கள். இதை ஒருவரும் சொல்லமாட்டார்கள்.)
இரண்டு மணிக்குத் தாங்கி வற்றியது.
மோட்டர் சுவிட்ச் உங்கள் குசினிச் சுவரில்.
நாங்கள் பேசி இரண்டு வருஷம்.
படியில் நின்று யோசித்தேன்,
வயிறு யோசிக்க விடவில்லை.
நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள்,
கையிலிருந்த வாளியைப் பார்த்தீர்கள்,
சுவிட்சைப் போட்டீர்கள்.
"காலையில ஆர் கூட வாறது?"
ஓட்டோக்காரப் பொடியன் என்றேன்.
"அவன் கையெழுத்து வைப்பானா?"

படிவத்தில் உறவுமுறை என்ற கோட்டுக்கு மேல்
பேனையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு
'கீழ் வீடு' என்று எழுதினீர்கள்.
மிஸ் வாசித்துச் சிரித்தா. ஆனால் சீல் குத்தினா.

சட்டை பின்பக்கம் திறந்தது.
இரண்டு நாடா என்பார்கள், கீழ் நாடா
எந்தச் சட்டையிலும் இல்லை.
"வம் பெத்தட்ட ஹெரென்ன" என்றால்
இடப்பக்கம் திரும்பி முழங்காலை நெஞ்சுக்கு இழுங்கள்.
மயக்க ஊசி ஏறும்போது டொக்டர் எதையாவது கேட்பார்.
என்னிடம் கேட்டது, எந்த வங்கியில் வேலை.
பதிலின் நடுவில் நான் இல்லை.

ஒரு நிமிஷம் மட்டும் ஞாபகம்.
திரையில் ஈரமாய், சங்கின் உட்புறம் போல
இளஞ்சிவப்பாய் ஒரு வழி.
வெளிச்சம் ஒரு வளைவில் தயங்கி நின்று
பிறகு திரும்பியது.
ஐம்பத்தெட்டு வருஷமாய்ச் சுமந்து திரிகிறேன்,
இவ்வளவு வடிவென்று தெரியாது.

எழும்பினால் வயிறு ஊதிய பலூன்.
காற்றை விடச் சொல்லி மிஸ் அதட்டுவா.
வெட்கப்படாதீர்கள்,
ஆறு திரைக்குப் பின்னால் ஆறு பேரும்
ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.
அதற்குப் பிறகு தருகிற பால் தேத்தண்ணியும்
இரண்டு கிறீம் கிறேக்கரும்,
அந்த ருசியை நான் எழுதமாட்டேன்.

டொக்டர் சொல்வது உங்கள் காதில் நிற்காது.
நான் கேட்டு வைத்திருப்பேன்,
நீங்கள் எனக்குக் கேட்டுவைத்த மாதிரி:
கச்சான் அளவில் இரண்டு முளை,
வெட்டிப் போத்தலில் போட்டாச்சு,
அறிக்கைக்குப் பத்து நாள்.
ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டேனாம்.
மூன்று தரமும் ஒரே பதில் சொன்னீர்களாம்,
ஒரே குரலில்.

அந்தப் பத்து நாளும் எப்படிப் போனது என்பது
இந்தக் கடிதத்தில் வராது.
உங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம்.

புதன் காலை ஐந்தரைக்குப் படியில் நிற்பேன்.
நாடா வைத்த பாவாடை உடுங்கள்,
சங்கிலியைக் கழற்றி வையுங்கள்.
செவ்வாய் இரவு தாங்கியை நிரப்பி வையுங்கள்.
மோட்டர் திருத்திய காசில் பாதி
நீங்கள் இன்னும் தரவேணும்.
அது வேறை கணக்கு.